வினையைச் சுட்டும் பாராட்டு: வகுப்பறை நடத்தை மேம்பாட்டில் அதன் பங்கும் வரம்பும்

ஆய்வுச் சுருக்கம்

மாணவரின் நற்செயலை ஆசிரியர் சொல்லால் ஏற்றுக்கொள்வது பாராட்டு எனப்படும். வகுப்பறையில் மிகுதியாக வழங்கும் பாராட்டுச் சொற்கள், எச்செயலுக்காகப் பாராட்டப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் குறிப்பதில்லை. செயலை வெளிப்படையாகச் சுட்டிக் கூறும் பாராட்டு, 'குறித்த பாராட்டு' என இக்கட்டுரையில் வழங்கப்பெறுகிறது. இப்பாராட்டு மாணவர் நடத்தையில் ஏற்படுத்தும் மாற்றம், அதற்கான காரணம், அதன் மீதான எதிர்வாதங்கள், அதனைத் தமிழில் கூறும்போது கருத்தில் கொள்ளத்தக்க மொழிக்கூறுகள் ஆகியன 1968 முதல் 2020 வரை வெளிவந்த ஆய்வுகளின் துணைகொண்டு விளக்கப்படுகின்றன. பாராட்டின் பயன் அதன் இனிமையில் இல்லை, அது தரும் செய்தியில் உள்ளது என்பதும், மாணவருக்குப் பெயர் சூட்டும் பாராட்டைவிட அவர்தம் வினையைக் கூறும் பாராட்டே நிலைத்த பயன் தரத்தக்கது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: குறித்த பாராட்டு, வகுப்பறை மேலாண்மை, நேர்மறை வலுவூட்டல், உள்ளூக்கம், பின்னூட்டம், வினைப் பயனிலை.

முன்னுரை

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனது 17ஆம் பிரிவின் வழி, குழந்தைகளுக்கு உடல்சார் தண்டனை வழங்குவதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்தது. நெடுங்காலமாக வகுப்பறை ஒழுங்கிற்குப் பிரம்பையும் வசைச்சொல்லையும் நம்பியிருந்த ஒரு கல்வி மரபிற்கு இது பெரும் மாற்றமாகும். எதைச் செய்யக்கூடாது என்பதைச் சட்டம் தெளிவாக வரையறுத்தது. அதற்கு ஈடாக எதைச் செய்வது என்னும் வினா ஆசிரியரின் கையில் விடப்பட்டது. 'அடிக்கவும் கூடாது, திட்டவும் கூடாது என்றால் நாற்பது பிள்ளைகளை எப்படி அமர வைப்பது?' என ஆசிரியர் அறைகளில் எழும் கேள்வி நியாயமானதே.

இவ்வினாவிற்கு முன்வைக்கப்படும் விடைகளுள் ஒன்று பாராட்டு. ஆயின் பாராட்டு நம் வகுப்பறைகளுக்குப் புதியதன்று. 'வெரி குட்', 'சபாஷ்', 'எல்லாரும் கை தட்டுங்க' என்பன நாள்தோறும் ஒலிப்பவை. குறிப்பேட்டில் சிவப்பு மையால் 'நன்று' எனக் குறிப்பதும் நெடுநாள் வழக்கமே. இவ்வளவு பாராட்டு வழங்கும்போதும் நடத்தையில் எதிர்பார்த்த மாற்றம் நிகழவில்லை எனில், குறை பாராட்டின் அளவில் உள்ளதா, வகையில் உள்ளதா என ஆராய்தல் வேண்டும். இக்கட்டுரை அவ்வாராய்ச்சியை மேற்கொள்கிறது.

பாராட்டின் மூன்று நிலைகள்

தமிழ் இலக்கணம் பயனிலையைப் பெயர்ப் பயனிலை, வினைப் பயனிலை, வினாப் பயனிலை எனப் பகுத்துக் காட்டும். இவற்றுள் முதல் இரண்டும் பாராட்டுத் தொடர்களை வகைப்படுத்தத் துணை செய்கின்றன. ஒரு மாணவி அறிவியல் பாடத்தில் வரைபடம் ஒன்றை முடித்துக் காட்டுகிறாள் எனக் கொள்வோம். ஆசிரியர் மூன்று வகையாகப் பாராட்டக்கூடும்.

1. 'நீ கெட்டிக்காரி.'
2. 'நன்றாக வரைந்திருக்கிறாய்.'
3. 'ஒவ்வொரு பகுதிக்கும் கோடு இழுத்துப் பெயர் எழுதியிருக்கிறாய். அதனால் பார்த்தவுடன் விளங்குகிறது.'

முதல் தொடர் பெயர்ப் பயனிலை கொண்டது. அது மாணவிக்கு ஒரு பெயரைச் சூட்டுகிறது. இரண்டாவது வினைப் பயனிலை கொண்டது. எனினும் அவ்வினையில் எக்கூறு நன்றாக அமைந்தது என்பதைச் சொல்லவில்லை. மூன்றாவது தொடர் வினையையும் அதன் கூற்றையும் பயனையும் ஒருங்கே கூறுகிறது. இவற்றை முறையே பெயர்நிலைப் பாராட்டு, பொதுவினைப் பாராட்டு, குறித்த பாராட்டு என வகைப்படுத்தலாம்.

பெயர்ச்சொல் பொதுவாகக் காலம் காட்டுவதில்லை, வினைச்சொல் காலம் காட்டும் என்பது இலக்கண வரையறை. இவ்வேறுபாடு பாராட்டிற்கும் பொருந்துகிறது. 'கெட்டிக்காரி' என்னும் சொல் காலத்தோடு பிணையாத ஓர் இயல்பை அம்மாணவியின் மீது ஏற்றுகிறது. நாளை அவள் பிழை செய்தால் அப்பெயர் ஐயத்திற்கு உள்ளாகிறது. 'பெயர் எழுதியிருக்கிறாய்' என்பதோ நிகழ்ந்த ஒரு செயலைக் குறிக்கிறது. அச்செயலை அவள் நாளையும் செய்யலாம். அவளருகில் அமர்ந்து இதனைக் கேட்கும் மாணவனும் செய்யலாம்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதை 2007இல் அண்டிரெய் சிம்பியன், கரோல் டுவெக் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நான்கு வயதுக் குழந்தைகளுள் ஒரு பிரிவினரிடம் நல்ல ஓவியர் என்னும் பொருள்படவும், மற்றொரு பிரிவினரிடம் நன்றாக வரைந்தாய் என்னும் பொருள்படவும் கூறப்பட்டது. பிழை நேராத வரையில் இரு பிரிவினரிடையே பெரிய வேறுபாடு தோன்றவில்லை. பிழை சுட்டப்பட்ட பின்னர், பெயர் சூட்டப்பெற்ற குழந்தைகளே மிகுதியாகச் சோர்ந்தனர். அந்த ஆய்வு ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் சிறிய அளவில் நிகழ்த்தப்பட்டது. தமிழ்க் குழந்தைகளிடம் இதனை நிகழ்த்திப் பார்ப்பது மொழியியலாளரும் கல்வியியலாளரும் இணைந்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.

கொள்கைப் பின்புலம்

இன்பமான விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பு மிகும் என்பது எட்வர்ட் தார்ண்டைக் கூறிய விளைவு விதி. இதனை விரித்துச் செயல்படு ஆக்கநிலையுறுத்தல் கொள்கையை வகுத்த பி. எஃப். ஸ்கின்னர், ஒரு நடத்தையைத் தொடர்ந்து வந்து அதனை மிகுவிக்கும் விளைவை வலுவூட்டி என்றார். இவ்வரையறையில் ஒரு நுட்பம் உண்டு. எதனை வலுவூட்டி எனக் கொள்வது என்பதை, கொடுப்பவரின் நோக்கம் முடிவு செய்வதில்லை. பெறுபவரின் நடத்தையில் ஏற்படும் மாற்றமே அதனை முடிவு செய்கிறது. ஆசிரியர் பாராட்டாகக் கருதிச் சொன்ன சொல், மாணவர் நடத்தையில் எம்மாற்றத்தையும் விளைவிக்கவில்லை எனின் அது வலுவூட்டி ஆகாது. மறுதலையாக, ஆசிரியர் கண்டிப்பாகக் கருதிச் சொன்ன சொல்லே கவனத்திற்கு ஏங்கும் ஒரு மாணவனுக்கு வலுவூட்டியாக அமைந்துவிடலாம்.

வகுப்பறை ஆய்வுகள் காட்டுவன

பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்விற்கென 1968இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற ஆய்விதழின் முதல் தொகுதியிலேயே இப்பொருள் குறித்த மூன்று ஆய்வுகள் வெளிவந்தன. வான்ஸ் ஹாலும் உடன் ஆய்வாளர்களும், படிப்பில் கவனம் செலுத்தாத தொடக்கப்பள்ளி மாணவர்களை ஆராய்ந்தனர். மாணவர் படித்துக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் கவனம் அவர்பால் சென்றால் படிக்கும் நேரம் கூடியது. அம்முறை கைவிடப்பட்டபோது குறைந்தது. மீண்டும் மேற்கொள்ளப்பட்டபோது மீண்டும் கூடியது.

சார்லஸ் மேட்சன், வெஸ்லி பெக்கர், டான் தாமஸ் ஆகியோர் விதிகள், கண்டுகொள்ளாமை, பாராட்டு என்னும் மூன்றையும் படிப்படியாகச் சேர்த்துப் பார்த்தனர். வகுப்பு விதிகளை எடுத்துரைத்தது மட்டும் நடத்தையைப் பெரிதும் மாற்றவில்லை. குறும்புகளைக் கண்டுகொள்ளாமல் விட்டதும் தனித்த நிலையில் சீரான பயன் தரவில்லை. கண்டுகொள்ளாமையோடு நற்செயலைப் பாராட்டுவதும் சேர்ந்தபோதே தெளிவான மாற்றம் தோன்றியது. நம் வகுப்பறைச் சுவர்களில் விதிப்பட்டியல்கள் தொங்கியும் பயன் விளையாததன் காரணம் இவ்வாய்வில் புலனாகிறது.

மூன்றாவது ஆய்வு இன்னும் கூர்மையானது. தாமஸ், பெக்கர், ஆம்ஸ்டிராங் ஆகியோர் ஒழுங்கான வகுப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆசிரியரின் ஏற்புச் சொற்களை நிறுத்தச் செய்தனர். நிறுத்திய ஒவ்வொரு முறையும் இடையூறு செய்யும் நடத்தை கூடியது. கண்டிப்பை மும்மடங்காக்கியபோது, இடம்விட்டு எழுதலும் ஓசை எழுப்பலும் குறிப்பிடத்தக்க அளவில் பெருகின. நல்ல வகுப்பு என்பது நல்ல பிள்ளைகள் ஒன்றுசேர்ந்த தற்செயல் நிகழ்வு அன்று, ஆசிரியரின் நடத்தையும் அதனை ஆக்குகிறது, அழிக்கவும் செய்கிறது என்பதை இம்முடிவு உணர்த்திற்று.

குறித்த பாராட்டைத் தனித்து ஆராய்ந்தோருள் கெவின் சதர்லாந்து, ஜோசப் வெபி, சூசன் கோப்லாந்து ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். 2000இல் வெளிவந்த அவர்தம் ஆய்வு, உணர்வு மற்றும் நடத்தைச் சிக்கல்கள் உடைய ஒன்பது மாணவர் கொண்ட ஐந்தாம் வகுப்பில் நிகழ்ந்தது. ஆசிரியர் கூறும் குறித்த பாராட்டுகளின் எண்ணிக்கையை அவருக்கே எடுத்துக்காட்டிப் பெருகச் செய்தபோது, மாணவர் பாடச் செயலில் ஈடுபட்டிருந்த நேரம் ஏறத்தாழ பாதியிலிருந்து ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் உயர்ந்தது. பால் கால்டரெல்லா தலைமையில் 2020இல் வெளிவந்த ஆய்வு பரப்பால் பெரியது. 19 தொடக்கப்பள்ளிகளில் 2,536 மாணவர்களை உற்றுநோக்கிய அவ்வாய்வு, கண்டிப்பை ஒப்புநோக்கப் பாராட்டு மிகுந்த வகுப்புகளில் மாணவர் ஈடுபாடும் மிகுந்திருந்ததைக் காட்டியது. இத்தனைக்கு இத்தனை என்னும் மந்திர விகிதம் எதுவும் அதில் தென்படவில்லை. பாராட்டின் பங்கு கூடக்கூட ஈடுபாடும் படிப்படியாகக் கூடியது. எனினும் இது தொடர்பினைக் காட்டும் ஆய்வே. ஒழுங்கான வகுப்பில் ஆசிரியர் இயல்பாகவே மிகுதியாகப் பாராட்டியிருக்கவும் கூடும் என்பதை ஆய்வாளர் மறத்தல் ஆகாது.

ஆசிரியர் கவனம் செல்லும் திசை

பாராட்டு இத்தகைய பயனுடையது எனில் அது ஏன் அரிதாக உள்ளது? மேரி ஆலிஸ் ஒயிட் 1975இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. 104 ஆசிரியர்களின் வகுப்புகளை உற்றுநோக்கியதில், இரண்டாம் வகுப்பிற்குப் பின் ஏற்புச் சொற்கள் வெகுவாகக் குறைந்ததும், அதன் பின்னர் எல்லா வகுப்புகளிலும் கண்டனச் சொற்களே மிகுந்திருந்ததும் தெரியவந்தன. பாடத்தில் சரியான விடைக்குப் பாராட்டு கிடைத்தது. நடத்தையைப் பொறுத்தவரை, ஆசிரியரின் சொல் பெரும்பாலும் பிழை நேர்ந்தபோதே எழுந்தது.

இதன் காரணம் ஆசிரியரின் கடுமை அன்று. விடை சரியாக இருப்பது சாதனையாகவும், அமைதியாக அமர்ந்திருப்பது கடமையாகவும் கருதப்படுகின்றன. கடமையைச் செய்ததற்கு எதற்குப் பாராட்டு என்னும் எண்ணம் இயல்பானது. ஆனால் சில குழந்தைகளுக்கு, பத்து நிமிடம் இடம்விட்டு எழாமல் எழுதுவது கணக்கில் நூற்றுக்கு நூறு பெறுவதினும் கடினமான செயலாகும். அப்பத்து நிமிடம் எவராலும் காணப்படாமல் கழிந்து, பதினொன்றாம் நிமிடத்தில் அக்குழந்தை எழுந்தவுடன் பெயர் சொல்லி அழைக்கப்பட்டால், எழுவதே கவனம் பெறும் வழி என்பதை அது கற்றுக்கொள்கிறது.

பெயர்நிலைச் சொற்களின் தீங்கு இவ்விடத்தில் முழுமையாக வெளிப்படுகிறது. 'சேட்டைக்காரன்', 'சோம்பேறி', 'முரடன்' என்பனவும் காலம் காட்டாத பெயர்களே. இப்பெயர் பெற்ற மாணவன் நற்செயல் புரிந்தாலும் அது பெயரோடு பொருந்தாமையால் கண்ணில் படுவதில்லை. 'பந்தைக் கீழே வைத்துவிட்டு, மணி அடித்தவுடன் வரிசைக்கு வந்துவிட்டாய்' என்னும் சொல், அப்பெயருக்கு எதிரான சான்று ஒன்றினை அவன் கையிலேயே கொடுக்கிறது. குறித்த பாராட்டு மிகவும் தேவைப்படுபவர் இத்தகைய மாணவரே. அதனை மிகக் குறைவாகப் பெறும் நிலையில் உள்ளவரும் அவரே.

ஆளைப் புகழ்தலின் விளைவு

கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்பு மாணவர் முதற்கட்டப் புதிர்களில் வென்றபின், சிலர் அறிவுக்காகவும் சிலர் உழைப்புக்காகவும் பாராட்டப்பெற்றனர். பின்னர்க் கடினமான புதிர்களில் இரு சாராரும் தோல்வியுற்றனர். அதனையடுத்து வந்த எளிய புதிர்களில் அறிவுக்காகப் பாராட்டப்பெற்றோர் முன்னிலும் குறைவாகவும், உழைப்புக்காகப் பாராட்டப்பெற்றோர் முன்னிலும் மிகுதியாகவும் மதிப்பெண் பெற்றனர். தம் மதிப்பெண்ணைப் பிறருக்கு எழுதித் தெரிவிக்கும்போது உயர்த்திக் கூறியோரும் முதல் பிரிவிலேயே மிகுந்திருந்தனர். இவ்வாய்வின் வழி வளர்ந்த மனப்பாங்குக் கொள்கை பின்னாளில் மறுஆய்வுக்கு உள்ளாயிற்று. 2018இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, மனப்பாங்குப் பயிற்சிகள் கல்வி அடைவில் விளைவிக்கும் சராசரிப் பயன் சிறிதே எனக் கண்டது. ஆகவே பாராட்டுச் சொல்லை மாற்றினால் மதிப்பெண் உயர்ந்துவிடும் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

ஜான் ஹாட்டியும் ஹெலன் டிம்பர்லியும் 2007இல் பின்னூட்டத்தைப் பணி, செயல்முறை, தன்னெறிப்படுத்தல், தன்னியல்பு என நான்கு நிலைகளாகப் பகுத்து, தன்னியல்பைப் புகழும் பின்னூட்டமே பயன் குறைந்தது என்றனர். அது மாணவருக்கு அடுத்துச் செய்ய வேண்டியதைச் சொல்வதில்லை என்பதே காரணம். எடி புருமெல்மனும் பிறரும் 2014இல் காட்டியவாறு, தன்மதிப்புக் குறைந்த குழந்தைகளுக்கே பெரியோர் மிகைப் புகழ்ச்சியை மிகுதியாக வழங்குகின்றனர். அம்மிகையே அக்குழந்தைகள் அறைகூவலான பணிகளைத் தவிர்க்கக் காரணமாகிறது.

எதிர்வாதங்கள்

பாராட்டை அடியோடு ஐயுறுவோரும் உளர். ஆல்ஃபி கோன் 1993இல் வெளியிட்ட நூலில், பரிசும் பாராட்டும் மாணவரைக் கட்டுப்படுத்தும் கருவிகளே எனவும், அவை செயலின் மீதுள்ள இயல்பான விருப்பத்தைக் குறைக்கும் எனவும் வாதிட்டார். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரயன் ஆகியோர் 1999இல் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முன்கூட்டி அறிவித்து வழங்கப்படும் பொருட்பரிசு உள்ளூக்கத்தைக் குறைப்பதைக் கண்டனர். சொல்வழிப் பாராட்டு சராசரியாக அத்தீங்கினை விளைவிக்கவில்லை. எனினும் அதன் நற்பயன் கல்லூரி மாணவரிடம் தெளிவாகக் காணப்பட்டது போலக் குழந்தைகளிடம் காணப்படவில்லை. கட்டுப்படுத்தும் தொனியில் கூறப்பட்ட பாராட்டு உள்ளூக்கத்தைக் குறைக்கவும் செய்தது.

எனவே பிரித்தறிய வேண்டியது, செய்தி தரும் பாராட்டையும் ஆட்டுவிக்கும் பாராட்டையும் ஆகும். 'நண்பன் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாய், அதனால் அவன் கருத்து எல்லாருக்கும் கேட்டது' என்பது செய்தி. 'நான் சொன்னபடி செய்தாய், இப்படியே இருக்க வேண்டும்' என்பது கட்டளையின் மறுவடிவம். குறித்த பாராட்டு, குறித்துக் கூறுவதாலேயே நல்ல பாராட்டு ஆகிவிடாது. அது எதனைக் குறிக்கிறது என்பதும் முக்கியமாகும்.

புகழ்ந்தால் பிள்ளைக்குத் தலைக்கனம் ஏறும் என்பது நம் சூழலில் எழும் மற்றோர் எதிர்வாதம். இவ்வச்சம் ஆளைப் புகழும் முறைக்கே பெரிதும் பொருந்துகிறது. பெயரெழுதிய வரைபடத்தைச் சுட்டிக்காட்டுவதில் கனம் ஏறுவதற்கு இடமில்லை.

தமிழில் பாராட்டும்போது கருதத்தக்கவை

ஜியர் பிராஃபி 1981இல் வெளியிட்ட திறனாய்வு, பாராட்டு செயலைச் சார்ந்து எழ வேண்டும், செயலின் கூறுகளைக் குறிக்க வேண்டும், நம்பத்தக்கதாக இருக்க வேண்டும், அம்மாணவரின் முந்தைய நிலையோடு ஒப்பிட வேண்டும் என்றது. இவற்றைத் தமிழ் வகுப்பறையில் பின்பற்றும்போது கருதத்தக்கன பின்வருமாறு.

முதலாவது, இடைச்சொற்கள். 'இன்றைக்காவது வீட்டுப்பாடம் எழுதி வந்தாயே' என்னும் தொடரில் வினை குறிக்கப்படுகிறது. ஆயினும் 'ஆவது' என்பது கடந்த நாள்களின் குற்றத்தை நினைவூட்டுகிறது. 'நீகூடச் சரியாகச் சொல்லிவிட்டாய்' என்பதும் அத்தகையதே. இவை பாராட்டின் வடிவில் அமைந்த பழிப்புகள். 'வீட்டுப்பாடத்தை முழுமையாக எழுதி வந்திருக்கிறாய்' என்பதே போதுமானது.

இரண்டாவது, எதிர்மறை வினை. 'இன்று நீ சண்டை போடவில்லை' என்பது தீச்செயலையே மீண்டும் பெயர் சொல்லி அழைக்கிறது. 'எழுதுகோலை அவனிடம் கேட்டு வாங்கினாய்' என்னும் உடன்பாட்டு வினை, செய்ய வேண்டியதைக் காட்டுகிறது.

மூன்றாவது, ஒப்பீடு. 'கவிதாவைப் பார், எவ்வளவு ஒழுங்காக அமர்ந்திருக்கிறாள்' என்பதில் கவிதாவுக்குக் கிடைப்பது பாராட்டன்று, பிறருடைய பகையே. இத்தொடர் கேட்பவரைக் குத்துவதற்காகக் கூறப்படுவது என்பதை மாணவர் எளிதில் உணர்வர்.

நான்காவது, இடம். வகுப்பே கைதட்டுவது தொடக்க வகுப்புக் குழந்தைக்கு மகிழ்ச்சி தரலாம். வளரிளம் பருவத்தினர் பலர் தனியே, தாழ்ந்த குரலில் கூறப்படும் பாராட்டையே விரும்புகின்றனர் என ஆய்வுகள் கூறுகின்றன. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனைச் சக மாணவர் முன் 'நல்ல பிள்ளை' எனப் பாராட்டுவது அவனுக்குத் தண்டனையாகவே முடியலாம். குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதும் ஒரு வரி இக்குறையை நீக்கும். 'நன்று' என்பதற்கு மாற்றாக, 'இரண்டாம் பத்தியில் காரணத்தை முதலில் கூறியது தெளிவாக உள்ளது' என எழுதலாம்.

ஐந்தாவது, எண்ணிக்கை. நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு பாடவேளையிலும் பாராட்டுதல் இயலாது. வருகைப்பதிவு வரிசைப்படி நாள்தோறும் ஐந்து மாணவரை உற்றுநோக்கி, அவர்தம் செயல் ஒன்றைக் கண்டு கூறுவது இயலும். எட்டு வேலைநாள்களில் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று முடியும். ஆசிரியர் தாம் பாராட்டிய பெயர்களுக்கு எதிரே ஒரு கோடு இட்டு வந்தால், கோடே விழாத பெயர்கள் எவை என்பது அவருக்கே விளங்கும்.

வரம்புகள்

குறித்த பாராட்டு எல்லாச் சிக்கலுக்கும் தீர்வன்று. பசியோடு வரும் குழந்தை, பாடம் புரியாமல் அமர்ந்திருக்கும் குழந்தை, வன்முறைக்கு உள்ளாகும் குழந்தை ஆகியோரின் நடத்தைக்கு வேறு காரணங்கள் உள்ளன. அக்காரணங்களைக் காணாது பாராட்டை மட்டும் பெருக்குவது பயனற்றது. மேற்கூறிய வகுப்பறை ஆய்வுகளுள் பெரும்பாலானவை அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளில், நம்மினும் குறைந்த மாணவர் எண்ணிக்கை கொண்ட வகுப்புகளில் நிகழ்ந்தவை. பல, மிகச் சிலரை மட்டுமே உற்றுநோக்கியவை. அவற்றின் முடிவுகளை அப்படியே இங்கு ஏற்றிக் கூறாமல், உற்றுநோக்கலின் வழி சோதித்தறிதல் வேண்டும்.

முடிவுரை

எந்த மாணவன் எவ்வாறு கொள்வான் என்பதறிந்து கற்பித்தலை ஆசிரியரின் கடமையாக நன்னூலின் பொதுப்பாயிரம் வகுத்துரைக்கிறது. பாராட்டும் கற்பித்தலின் ஒரு பகுதியே என்பதை மேற்கண்ட ஆய்வுகள் உணர்த்துகின்றன. எச்செயல் நன்று என்பதை மாணவர் அறியச் செய்வதே பாராட்டின் பணி. அதனைப் பெயர்ச்சொல் செய்வதில்லை, வினைச்சொல் செய்கிறது. ஒழுங்கான மாணவர் இன்றியும் கற்றுக்கொள்வர். 'சேட்டைக்காரன்' என்னும் பெயரோடு ஒவ்வொரு கல்வியாண்டையும் தொடங்கும் மாணவனுக்கோ, தான் நன்றாகச் செய்த ஒன்றைப் பிறர் வாய்வழிக் கேட்பது அப்பெயரிலிருந்து வெளியேறும் வழியாக அமையக்கூடும். தண்டனை நீங்கிய வகுப்பறையில் ஆசிரியர் முதலில் பழக வேண்டியது, அத்தகைய மாணவன் நன்றாக நடந்துகொள்ளும் கணத்தைக் காண்பதும், கண்டதைக் கண்டவாறு கூறுவதும் ஆகும். இதனைத் தமிழ்வழி வகுப்பறைகளில் உற்றுநோக்கிப் பதிவு செய்யும் ஆய்வுகள், ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களின் வழியாக மேற்கொள்ளப்படின் பெரும்பயன் விளையும்.